மெழுகா, செராமிக்கா? - கார் பெயிண்டின் நூறு வருடக் கதை



புது கார் வாங்குகிற வீடுகளில் இப்போது ஒரு விவாதம் கட்டாயம் நடக்கிறது. முன்பணம் கட்டி, கலர் தேர்ந்தெடுத்து, நல்ல நாள் பார்த்த பிறகு ஷோரூமில் இருந்து ஒரு போன் வரும். "சார், செராமிக் கோட்டிங் போட்டுடலாமா? அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை." வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது உடனே சொல்வார். "அதெல்லாம் எதுக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போட்டா போதும். நாங்கல்லாம் அப்படித்தான் வெச்சிருந்தோம்." ஒரு பக்கம் பல ஆயிரம் ரூபாய் பில். இன்னொரு பக்கம் ஒரு டப்பா மெழுகும் ஞாயிற்றுக்கிழமை காலையும். யார் சொல்வது சரி?

இந்தக் கேள்விக்கு விளம்பரத்தில் பதில் தேடினால் கிடைக்காது. வரலாற்றில் தேடினால் கிடைக்கும் என்பது என் எண்ணம். ஏனென்றால் மெழுகு வந்தபோது கார் மேல் இருந்தது ஒரு வகை பெயிண்ட், இன்று இருப்பது வேறு வகை பெயிண்ட். மருந்து அதேதான், நோய் மாறிவிட்டது. அந்தப் பெரியவர் சொல்வதும் பொய்யில்லை. அவர் வைத்திருந்த காருக்கு அது சரி.

சரி, கதைக்கு வருவோம்.

குதிரை வண்டியும் கருப்பு ஃபோர்டும்

முதல் கார்களுக்குத் தனியாகப் பெயிண்ட் என்று ஒன்று கிடையாது. குதிரை வண்டிக்கு என்ன பூசினார்களோ அதையேதான் காருக்கும் பூசினார்கள். ஆளி விதை எண்ணெயும் மரப்பிசினும் கலந்த வார்னிஷ். தூரிகையால் ஒரு கோட் அடிப்பார்கள், காயவிடுவார்கள், தேய்ப்பார்கள், மறுபடி அடிப்பார்கள். எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டியாக வேண்டும். அதனால் ஒரு வண்டிக்கு வாரக்கணக்கில் ஆகும். வருடத்துக்குப் பத்து வண்டி செய்கிற பட்டறைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் கார் செய்கிற தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். பெயிண்ட் காய பதினைந்து நாள் என்றால், எந்த நேரமும் பதினைந்தாயிரம் கார் கூரைக்குக் கீழே காய்ந்துகொண்டிருக்க வேண்டும்!

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கருப்பு நிறத்தில் மட்டுமே வந்தது நிறையப் பேருக்குத் தெரியும். அந்தக் கார்களின் பல பாகங்களுக்குப் போட்டது நிலக்கீல் கலந்த 'ஜப்பான் பிளாக்' என்னும் கருப்பு. அடுப்பில் வைத்துச் சுட்டுக் கெட்டியாக்குவார்கள். மலிவு, உறுதியும் அதிகம். ஆனால் நிலக்கீல் கலந்தால் கருப்பைத் தவிர வேறு நிறம் எப்படி வரும்? கலர் வேண்டும் என்றால் பழைய வார்னிஷ்தான். அது வெயிலில் மஞ்சளடித்து, வெடித்து, கொஞ்ச காலத்தில் பல்லிளிக்கும்.

வெடிமருந்தில் இருந்து வந்த பெயிண்ட்

இதை மாற்றியது டூபாண்ட் கம்பெனி. முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்கு மலைமலையாக வெடிமருந்து செய்து விற்ற கம்பெனி அது. 1918-ல் போர் முடிந்தது. நைட்ரோசெல்லுலோஸ் செய்யும் வசதி கையில் இருக்கிறது, சுடுவதற்கு ஆள் இல்லை. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தினால் கிடைப்பதுதான் நைட்ரோசெல்லுலோஸ். அந்தக் காலத்து சினிமா ஃபிலிமும் இதே பொருள்தான்.

இந்த நைட்ரோசெல்லுலோஸைக் கெட்டியாக, ஆனால் தெளிக்கக்கூடிய அளவு தண்ணியாகக் கரைக்கும் வழியை டூபாண்ட் வேதியியலாளர்கள் 1920 வாக்கில் கண்டுபிடித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து அதைக் காருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பெயர் 'டூகோ'. 1924 மாடல் ஓக்லாண்ட் கார்கள் நீல நிறத்தில் டூகோ பூசி வெளிவந்தன. ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தால் கரைப்பான் ஆவியாகி நிமிடங்களில் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். வாரக்கணக்கு வேலை மணிக்கணக்குக்கு இறங்கியது. எந்த நிறமும் போடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1927-ல் அழகுக்கும் நிறத்துக்கும் என்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. ஃபோர்டைப் பின்னுக்குத் தள்ள அவர்களுக்குக் கிடைத்த ஆயுதங்களில் நிறமும் ஒன்று.

ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? நம்மூரில் பீரோ, மரக்கதவுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "டூகோ அடிச்சுடலாங்க" என்பார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெயர்தான் அது. காரை விட்டுப் போய் மர பீரோவில் உட்கார்ந்திருக்கிறது :-)

டூகோவுக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் மேல்பரப்பை மெல்லச் சிதைக்கும். கொஞ்ச மாதங்களில் பளபளப்பு போய், கையால் தடவினால் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டும். அந்தச் செத்த தோலை மெருகுப் பொருள் போட்டுத் தேய்த்து எடுத்தால் கீழே புது நிறம் கிடைக்கும். உடனே மேலே ஏதாவது பூசி மூடாவிட்டால் மறுபடி அதே கதை. டூபாண்ட் கம்பெனியே 'நம்பர் 7' என்று ஒரு பாலிஷும் விற்றது. பெயிண்டும் அவர்களே, அதற்கு வைத்தியமும் அவர்களே. நல்ல வியாபாரம்!

மெழுகு மரம்

இங்கேதான் மெழுகு உள்ளே வருகிறது. தேன்மெழுகு இல்லை. அது மென்மையானது, வெயிலில் இளகித் தூசியை ஒட்டிக்கொள்ளும். கார் மெழுகின் ராஜா கார்னாபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் சியரா, பியாவி, ரியோ கிராண்ட் டோ நோர்ட்டே மாநிலங்களில் வளரும் ஒரு வகைப் பனை மரத்தின் ஓலையில் இருந்து கிடைப்பது. அங்கே மழை குறைவு, வெயில் கொடுமை. ஓலையில் உள்ள ஈரம் ஆவியாகிவிடாமல் இருக்க மரமே தன் ஓலை மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. அதாவது வெயிலையும் வறட்சியையும் தாங்க இயற்கை செய்துவைத்த கோட்டிங். அதை எடுத்துத்தான் மனிதன் கார் மேல் பூசினான்.

மழையில்லாத மாதங்களில் நீளமான கழியின் நுனியில் அரிவாள் கட்டி ஓலையை அறுப்பார்கள். வெயிலில் காயவைத்து அடித்தால் பொடியாக உதிரும். அதை உருக்கி வடிகட்டினால் மஞ்சள் நிறக் கட்டி. சுமார் 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். இயற்கை மெழுகுகளில் இவ்வளவு கடினமானவை மிகக் குறைவு.

இந்த மெழுகு காருக்கு வந்தது தரை வழியாக! அமெரிக்காவின் ரசீன் என்ற ஊரில் சாமுவேல் ஜான்சன் என்பவர் 1886-ல் மரத்தரை வியாபாரம் தொடங்கினார். தரை வாங்கியவர்கள் "இதை எப்படிப் பராமரிப்பது?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் அவரே மெழுகு தயாரித்துக் கொடுத்தார். பிறகு மெழுகுதான் முக்கிய வியாபாரம் ஆகிவிட்டது. அவருடைய பேரன் ஹெர்பர்ட் ஜான்சன் 1935-ல் தண்ணீரிலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி விமானம் ஒன்றில் ரசீனில் இருந்து பிரேசிலின் சியரா வரை பறந்து போனார். எதற்கு? கார்னாபா மரம் எவ்வளவு இருக்கிறது, மெழுகு தொடர்ந்து கிடைக்குமா என்று நேரில் பார்க்க. 1998-ல் அவருடைய மகன் அதே மாதிரி ஒரு விமானம் செய்து அதே வழியில் மறுபடி பறந்தார்.

காருக்கென்றே வந்த கம்பெனிகளும் உண்டு. சிகாகோவில் 1910-ல் தொடங்கியது சிமோனிஸ். 'சைமனைஸ்' என்றால் மெழுகு போட்டுப் பளபளப்பாக்குவது என்று ஆங்கில அகராதியிலேயே ஒரு வினைச்சொல் ஏறும் அளவுக்கு அது பிரபலமானது. நாம் ஜெராக்ஸ் எடுப்பது என்று சொல்கிறோமே, அது மாதிரி. அதே சிகாகோவில் பென் ஹிர்ஷ் என்பவர் 1940-களில் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் பாலிஷ் கலக்கி விற்க ஆரம்பித்தார். நின்றிருக்கும் கார்களில் ஒரு பக்கத்தை மட்டும் பளபளவென்று தேய்த்துவிட்டு, சொந்தக்காரர் வரும்வரை காத்திருப்பாராம். மீதியையும் தேய்க்கச் சொல்லாமல் அவர் எப்படிப் போவார்? அந்தக் கம்பெனிதான் பின்னாளில் டர்ட்டில் வாக்ஸ் ஆனது.

ஆக, அந்தக் காலத்தில் மெழுகு ஒரு அலங்காரம் இல்லை. மருந்து. போடாத கார் ஓரிரு வருடத்தில் வெளுத்துவிடும். போட்ட கார் பிழைத்துக்கொள்ளும். வித்தியாசம் தெருவில் போகிறவருக்கும் தெரியும். நம் நாட்டில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்துப் பெரியவர்களின் அனுபவமும் இதே வகைதான். மேலே தனிக் கண்ணாடிப் பூச்சு இல்லாத, நிறமே வெயிலில் நிற்கிற பெயிண்ட். அவர்கள் மெழுகை நம்பியதில் தப்பே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. கார்னாபா என்றால் டப்பாவில் பச்சைப் பனை ஓலைப் படம் போட்டு "இயற்கை" என்று எழுதியிருப்பார்கள். அந்த ஓலையை அறுப்பவர்கள் பிரேசிலின் மிக ஏழையான தொழிலாளிகள். அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் வேலை வாங்கப்பட்டவர்களை பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் கார்னாபா தோப்புகளில் இருந்து மீட்டிருக்கிறார்கள். 2017 அக்டோபரில் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி இதைப் படமாகக் காட்டியது. கழிவறை இல்லை, படுக்கை இல்லை, ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள். அந்த நிகழ்ச்சி காரைப் பற்றியது கூட இல்லை, மிட்டாயைப் பற்றியது. மிட்டாய் பளபளக்கவும் இதே மெழுகுதான். உணவுப் பொட்டலத்தில் ஈ 903 என்று போட்டிருப்பது கார்னாபாவைத்தான். இயற்கைப் பொருள் என்பதாலேயே அது நியாயமான பொருள் ஆகிவிடாது.

கண்ணாடிச் சட்டை

இனி திருப்புமுனை. 1950-களில் சிலிகான் எண்ணெய் கலந்த பாலிஷ்கள் வந்தன. தேய்க்கும் உழைப்பு பாதியாகக் குறைந்தது. (பெயிண்டர்களுக்கு மட்டும் தலைவலி. சிலிகான் ஒட்டியிருக்கும் இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும்.) அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நைட்ரோசெல்லுலோஸ் போய் அக்ரிலிக் லேக்கர் வந்தது. வெயிலை அதிகம் தாங்கியது.

ஆனால் உண்மையான மாற்றம் 'கிளியர் கோட்'. நிறத்தை மெல்லிசாக ஒரு அடுக்காக அடித்து, அதன் மேல் நிறமே இல்லாத தெளிவான பூச்சை இன்னொரு அடுக்காக அடிப்பது. முதலில் மெட்டாலிக் நிறங்களுக்காக ஐரோப்பாவில் வந்தது. மெட்டாலிக் பெயிண்டில் உள்ள அலுமினியத் துகள் வெயிலிலும் மழையிலும் கருக்கும், அதை மூட வேண்டும். 1980-களில் அமெரிக்காவிலும் பரவலாகி, பிறகு உலகம் முழுவதும் அதுவே வழக்கமானது. தெளிவான பூச்சுக்குள்ளேயே புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருளைக் கலந்துவிட்டார்கள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். பல பத்தாண்டுகளாக மெழுகு செய்துவந்த முக்கியமான வேலையைக் கார் கம்பெனியே தொழிற்சாலையில் செய்துவிட்டது!

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். இன்றைய காரில் துருத் தடுப்பில் இருந்து கிளியர் கோட் வரை எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியை விட மெல்லிசு. அதன் மேல் துடைத்துவிட்ட மெழுகு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. செராமிக் என்றால் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இரண்டு சம்பவங்கள்

மேலே என்ன பூசினாலும் கீழே உள்ள பெயிண்ட் சரியில்லை என்றால் பயனில்லை. இதற்கு அமெரிக்காவில் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட பல அமெரிக்கக் கார்களில் பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்தது. செலவைக் குறைக்க நடுவில் அடிக்க வேண்டிய ஒரு அடுக்கைப் பல மாடல்களில் விட்டுவிட்டார்கள். புற ஊதாக் கதிர் நிறத்தைத் தாண்டி அடியில் உள்ள துருத் தடுப்புப் பூச்சு வரை போய், இரண்டுக்கும் இடையே இருந்த பிடிப்பைக் கெடுத்தது. வாரம் தவறாமல் மெழுகு போட்டவர் காரும் உரிந்தது, போடாதவர் காரும் உரிந்தது.

இரண்டாவது, சட்டம் படிக்கும் நண்பர்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கு. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஐரா கோர் என்ற மருத்துவர் 1990 ஜனவரியில் 40,750 டாலருக்கு ஒரு கருப்பு பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டினார். ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பளபளப்பாக இருக்கட்டுமே என்று பாலிஷ் போடும் ஒருவரிடம் கொண்டு போனார். அவர் பார்த்துவிட்டு, "இது மறு பெயிண்ட் அடித்த கார் மாதிரி இருக்கே" என்றார்! ஜெர்மனியில் இருந்து வரும் வழியில் அமில மழையால் பெயிண்ட் கெட்டிருக்கலாம் என்றும், கம்பெனி சுமார் 601 டாலர் செலவில் பல பாகங்களை மறுபடி அடித்துப் புது கார் என்று விற்றது என்றும் தெரியவந்தது. பழுதுச் செலவு காரின் விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்பது அப்போது அவர்கள் கொள்கை. இப்படி 983 கார்கள்.

ஜூரி கொடுத்த தீர்ப்பு நஷ்ட ஈடு 4,000 டாலர், தண்டனையாக 40 லட்சம் டாலர்! அலபாமா உச்ச நீதிமன்றம் தண்டனைத் தொகையை 20 லட்சமாகக் குறைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அதுவும் மிக அதிகம் என்று சொல்லிவிட்டது. தண்டனைத் தொகைக்கு அரசியல் சாசனம் எல்லை வைக்கிறது என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு இது. கடைசியில் அலபாமா நீதிமன்றம் 50,000 டாலர் என்று முடித்தது.

நமக்கு இதில் உள்ள பாடம் வேறு. ஷோரூமில் கார் நம் கைக்கு வருவதற்கு முன்பே அதன் பெயிண்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தது பாலிஷ் போடுபவரின் கண். கோட்டிங் போட்டு மூடுவதற்கு முன்னால் யாராவது தெரிந்தவர் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது எந்தக் கோட்டிங்கை விடவும் லாபம்.

டெஃப்லானில் இருந்து செராமிக் வரை

மெழுகின் பெரிய குறை ஆயுள். டப்பாவில் இருப்பது சுத்தமான கார்னாபா இல்லை. எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்தது. வெயிலிலும் சோப்புத் தண்ணீரிலும் சில வாரத்தில், நல்லதாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். அதனால் "ஒருமுறை போட்டால் போதும்" என்ற சரக்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு. செயற்கைப் பாலிமர் சீலன்ட்கள் வந்தன. நம் ஊர் ஷோரூம்களில் செராமிக்குக்கு முன்னால் கொடிகட்டிப் பறந்தது 'டெஃப்லான் கோட்டிங்'.

டெஃப்லானும் டூபாண்டின் பிள்ளைதான். 1938-ல் ராய் பிளங்கெட் கண்டுபிடித்தது. தோசைக் கல்லில் அது ஒட்டுவதற்குக் காரணம், 327 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். காரை அந்தச் சூட்டில் வைத்தால் பெயிண்டே இருக்காது. அதனால் துணியால் தேய்த்துப் பூசும் திரவத்தில் டெஃப்லான் தூள் இருந்தாலும், அது தோசைக் கல்லில் செய்யும் வேலையைக் காரில் செய்யாது. பெயரை மட்டும்தான் காசு கொடுத்து வாங்கினோம்.

செராமிக் இதிலிருந்து வேறு. இதில் உண்மையான வேதியியல் இருக்கிறது. 1840-களில் பிரெஞ்சு வேதியியலாளர் எபெல்மென் சிலிக்கான் கலந்த ஒரு திரவத்தை ஈரக் காற்றில் விட்டுவைத்தார். அது மெல்ல மெல்லக் கண்ணாடியாக மாறியது. உலை இல்லை, நெருப்பு இல்லை, காற்றின் ஈரம் மட்டும்! இன்றைய செராமிக் பாட்டிலில் நடப்பதும் இதன் உறவுதான். நல்ல சரக்குகள் பலவற்றில் இருப்பது பாலிசிலாசேன் என்ற பொருள். சிலிக்கானும் நைட்ரஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறி, அந்த இடத்தில் ஆக்சிஜன் உட்காரும். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சிலிக்கா, அதாவது கண்ணாடியின் அடிப்படைப் பொருள். ஜப்பானில் இதை 'கிளாஸ் கோட்டிங்' என்றே சொல்கிறார்கள். செராமிக் என்ற பெயரை விட அது பொருத்தமானது.

கார் கம்பெனிகளும் சும்மா இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் 2003-ல் நானோ அளவு செராமிக் துகள் கலந்த கிளியர் கோட்டைத் தொழிற்சாலையிலேயே அடிக்க ஆரம்பித்தது. மறுபடியும் அதே கதைதான். வெளியே பூசுகிற சரக்கின் வேலையைப் பெயிண்டுக்குள்ளேயே கொண்டுவருவது.

9எச் என்ன கணக்கு?

செராமிக் விளம்பரத்தில் தவறாமல் வரும் வார்த்தை 9எச். வைரம் 10, இது 9 என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. நினைக்கட்டும் என்றுதான் அப்படிப் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் :-)

வைரத்துக்கு 10 கொடுப்பது ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த கனிமங்களின் அளவுகோல். 9எச் என்பது பென்சில். ஆமாம், நாம் எழுதுகிற பென்சில்தான்! ஹெச்பி, 2பி, 4எச் என்று டிராயிங் வகுப்பில் வாங்குவோமே, அதே வரிசை. பென்சிலை 45 டிகிரி சாய்த்து, குறிப்பிட்ட எடை வைத்து, பூச்சின் மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லை என்பதே மதிப்பெண். பெயிண்ட் தொழிலில் பல காலமாக உள்ள எளிமையான சோதனை. பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும். சாலையில் பறக்கும் மணலில் இருப்பது குவார்ட்ஸ், மோஸ் அளவில் 7. பென்சிலுக்குக் கீறாதது மணலுக்குக் கீறாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தூசியோடு காய்ந்த துணியால் துடைத்தால் செராமிக் போட்ட காரிலும் சிலந்தி வலை மாதிரி கோடு விழத்தான் செய்யும்.

தண்ணீர் முத்து முத்தாக நிற்பதும் அப்படியே. பார்க்க அழகு. அழுக்கு சுலபமாகக் கழுவப்படும் என்பதும் உண்மை. ஆனால் உப்புத் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுவிட்டுப் போகும். போர் தண்ணீரில் கார் கழுவுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மெழுகு என்றால் அந்தப் புள்ளி மெழுகோடு போய்விடும், புதிதாகப் பூசிக்கொள்ளலாம். செராமிக்கில் பிடித்தால் அமிலக் கலவையோ பாலிஷோ போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்போ எது?

இப்போது அந்த மைக்ரான் கணக்குக்கு வருவோம். செராமிக் போடுவதற்கு முன்னால் பெயிண்டில் உள்ள கோடுகளை மிஷின் வைத்துத் தேய்த்து எடுப்பார்கள். எடுக்காமல் போட்டால் அந்தக் கோடுகள் கண்ணாடிக்குள் மாட்டிய படம் மாதிரி அப்படியே இருக்கும். தேய்ப்பது என்றால் கிளியர் கோட்டில் கொஞ்சம் போகிறது என்று அர்த்தம். புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தக் கிளியர் கோட்தான். ஓரிரு மைக்ரான் கண்ணாடி போடுவதற்காக, அவசரக் கையில் நாலைந்து மைக்ரானைத் தேய்த்துத் தள்ளிவிட்டால் லாபமா நஷ்டமா? கோட்டிங்கின் பெயரை விட, போடுகிறவரின் கையும் பொறுமையும் முக்கியம் என்பது இதனால்தான். புது கார் என்றால் தேய்ப்பதற்கு அதிகம் இருக்கக் கூடாது. "மூணு ஸ்டேஜ் பாலிஷ்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

என் கணக்கு இதுதான்.

கிளியர் கோட் இல்லாத பழைய கார், ஒரே அடுக்குப் பெயிண்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெழுகு. அந்த நோய்க்குப் பிறந்த மருந்து அது. எண்ணெய்ப் பசை கொடுத்து நிறத்தை மீட்கும், மலிவு, வேண்டும்போது கழற்றலாம்.

கிளியர் கோட் உள்ள புது கார், தினமும் வெயிலில் நிற்கிறது, கழுவ நேரம் கிடையாது, நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்றால் நல்ல கையால் போட்ட செராமிக் காசுக்கு வேலை செய்யும். அது செய்வது அழுக்கு ஒட்டாமல் பார்ப்பதும் பறவை எச்சம் மாதிரி சமாச்சாரங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பதும்தான். கல்லடி, கீறல், உரசல் எதையும் அது தடுக்காது. அதோடு ஐந்து வருட உத்தரவாதத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். குறிப்பிட்ட மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே கொண்டுபோய்ப் பணம் கட்டிப் பராமரிக்க வேண்டும் என்று பல இடங்களில் போட்டிருக்கும்.

காரைத் தொட்டுத் துடைப்பதில் சந்தோஷம் உள்ளவர், நிழலில் நிறுத்த இடம் உள்ளவர் என்றால் மெழுகே போதும். கிளியர் கோட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேலே உள்ளது ஒரு தியாகத் தோல், அவ்வளவே. அது தினம் கொஞ்சம் செத்து, கீழே உள்ளதைக் காப்பாற்றுகிறது. மாற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

காசு இரண்டுக்கும் இல்லை என்றாலும் கவலை வேண்டாம். பறவை எச்சத்தை அன்றே நனைத்து எடுப்பது, நல்ல தண்ணீரில் கழுவுவது, காய்ந்த துணியால் துடைக்காமல் இருப்பது, நிழலில் நிறுத்துவது. இந்த நாலுக்கும் பில் கிடையாது.

வார்னிஷ் போய் டூகோ வந்தது, டூகோ போய் அக்ரிலிக், அது போய் கிளியர் கோட். ஒவ்வொரு முறையும் பெயிண்ட் முன்னேறியபோது மேலே பூசுகிற சரக்கின் வேலை குறைந்தது, ஆனால் விலை மட்டும் ஏறியது. அடுத்து கிராஃபீன் கோட்டிங் என்று ஒன்று வந்து விற்றுக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஷோரூமில் இருந்து போன் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இது எந்த வேலையைச் செய்யும், அந்த வேலையை என் கிளியர் கோட் ஏற்கெனவே செய்யலையா?"

பதில் என்ன வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.